நாங்கள் தரம் பிரித்த எழுபது ஜோடிச் செருப்பு

கல்லூரிச் சேவைக் குழுவின் பழைய ஆட்கள் போன ஞாயிற்றுக்கிழமை போட்ட கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தினகரன் அண்ணன், அவருக்கு இடப்பக்கம் எப்போதும் நிற்கிற பிரவீன் அண்ணன், அவர்கள் செட்டில் இன்னும் ஏழெட்டுப் பேர், எங்கள் செட்டில் நான் மட்டும். வராதவர்கள்: கலைச்செல்வி. "எனக்கு வேற வேலை இருக்கு" என்று வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டதோடு சரி. இர்ஃபான் அந்த ஒரு வரியும் போடவில்லை. சாந்தியக்காவும் வரவில்லை. அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, மாடிப்படிக்குக் கீழே வந்து நிற்கும்வரை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெளிநாட்டுக்காரர்கள் தரையில் சம்மணம் போட்டு காபி குடிக்கிற மாடிக்கடை அது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். படிக்கு அடியில் இருபது முப்பது ஜோடி குவிந்து கிடந்தது. குனிந்து என்னுடையதைக் கழற்றினேன். ரப்பரும் ஈரமும் கால் வியர்வையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. சொன்னால் சிரிப்பீர்கள், சிலருக்கு மல்லிகை வாசனையில் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வரும். எனக்குச் செருப்பு வாசனையில்.

மேலே போனால் தினகரன் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். இப்போது அவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்த் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுக்கிறாராம். "சேவைன்றது ஒரு மனநிலை" என்றார். எட்டு வருஷத்துக்கு முன்னும் இதையேதான் சொன்னார். மனநிலையாகவே விட்டிருந்தால் யாருக்கும் சேதம் இல்லை. பிரவீன் அண்ணன் என்னைப் பார்த்ததும், "டேய், செருப்பு மேட்டர் வந்துட்டான்டா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது அந்தக் காலத்துத் தமாஷ்களில் ஒன்று. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்குக் காபி கசந்துவிட்டது. அங்கே சொல்லாததை இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், வேர்க்கடலை. அப்பாவின் சட்டையை உதறினால் கடலைத் தூசு பறக்கும். கல்லூரி என்றால் அங்கே சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நம்பிப் போனவன். முதல் வாரமே ஒரு கூட்டம் போட்டு, சேவைக் குழுவில் சேர்ந்தால் மூன்று மூன்று பேருக்கு மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார், நூற்றிருபது மணி நேரம் சேவை செய்தால் சான்றிதழ் என்றார்கள். வழிகாட்டி! எனக்கு அதுவரை வழி காட்டியவர்கள் பஸ் கண்டக்டர்கள் மட்டும்தான். அன்றைக்கே பெயர் கொடுத்தேன்.

குழுவில் கொடுத்த வெள்ளை பனியனை இஸ்திரி போட்டுக்கொண்டு தெரு பெருக்கப் போனவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நம்ம வூட்டு வாசலப் பெருக்குடான்னா காதுல வுழுவாது. அங்க போயி ஊரான் வாசலப் பெருக்கறதுக்கு பஸ்ஸுக்கு வேற காசு" என்றார். நான் சேவையின் மகத்துவத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அழுக்கான பனியன எங்க கொண்டாந்து போடுவ, இங்கதான?" என்றார்.

தினகரன் அண்ணன்தான் எங்கள் மூன்று பேருக்கும் வழிகாட்டி. எனக்கு, கலைச்செல்விக்கு, இர்ஃபானுக்கு. கலைச்செல்வி எதையும் நேராகக் கேட்டுவிடுகிற பெண். இர்ஃபானின் அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பை தைக்கிற கடை வைத்திருந்தார், பெட்டிக்கு ஜிப் மாற்றித் தருவார். பொருளைத் திருப்பிப் பார்த்து இது எதற்கு, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்கிற கண் இர்ஃபானுக்கும் இருந்தது. எனக்கு இருந்தது இஸ்திரி பனியன்.

தினகரன் அண்ணன் எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். துடைப்பத்தை முகத்தை மறைக்காமல் பிடிக்க வேண்டும். பேனரின் நடு எழுத்து கேமராவுக்கு நேராக இருக்க வேண்டும். முதலில் போட்டோ, பிறகு வேலை. ஏனென்றால் வேலை முடிந்தபின் இடம் சுத்தமாகிவிடும், அப்புறம் போட்டோவில் என்ன இருக்கும்? ஒருமுறை ஏற்கெனவே பெருக்கியிருந்த தெருவில் எங்களை இறக்கிவிட்டார்கள். பிரவீன் அண்ணன் பக்கத்துக் குப்பைத்தொட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். நாங்கள் மறுபடி அள்ளினோம். தினகரன் அண்ணன் இரண்டு மணி நேரம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த நோட்டுதான் எங்களுக்கு உயிர். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் மணி நேரம் இல்லை, மணி நேரம் இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை.

இதற்கு நடுவில் அடி அண்ணாமலையில் வீட்டுக்கு வீடு விவரம் எடுக்கச் சொன்னார்கள். அங்கேதான் சாந்தியக்காவைப் பார்த்தேன். ஒற்றை அறை, வாடகை வீடு. ஒன்பதாவது படிக்கிற பெண் ஒன்று உள்ளே உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது.

"என்ன வேல செய்றீங்கக்கா?"

"செருப்பு பாத்துக்கறேன்."

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் வெறுங்காலோடுதானே நடப்பார்கள். அவர்கள் செருப்பை வாங்கிப் பாதுகாத்து, சுற்றி வந்ததும் திருப்பிக் கொடுப்பது. ஒரு மளிகைக் கடை வாசலில் தார்ப்பாய் விரித்து உட்காருவாராம்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி வர்றதுதாம்பா வாடகை. மத்த நாளு கெடச்ச வேல."

"கடைக்காரர் சும்மா உட்காரவிடறாரா?"

"எனக்கு முன்னாடி ஒருத்தரு உக்காந்திருந்தாரு. ஒரு ஜோடி மாறிப் போயி வாசல்ல சண்ட. மொதலாளி அன்னிக்கே அவரக் கெளப்பிட்டாரு. எங்கிட்டயும் அதான் சொல்லி வச்சிருக்காரு. கட வாசல்ல ஒரு சத்தம் வந்துச்சுன்னா எடம் போச்சு. இதுவரைக்கும் ஒரு சத்தம் வரல."

எப்படி மாறாமல் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டேன். நாள்காட்டித் தாளைக் காட்டினார். தினமும் கிழிக்கிற காலண்டர் தாள். அதைக் குறுக்கே இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைச் செருப்பு வாருக்குள் செருகுவார், மறுபாதி செருப்புக்காரர் கையில். வந்ததும் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தால் கிழிசல் பொருந்த வேண்டும். "நம்பர் போட்டா ஆறு ஒம்பதாவும். கிழிசல் எப்பிடி மாறும்?" என்றார். ஊரெல்லாம் சொல்லி வைத்து பழைய காலண்டர் வாங்கி வைத்திருந்தார். எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் ஒரு மரியாதையே வந்தது. படிவத்தில் "காலணிப் பாதுகாப்பு, சுயதொழில்" என்று அழகாக எழுதினேன். சாயங்காலம் தினகரன் அண்ணன் அதை அடித்துவிட்டு, "வேலை இல்லை" என்று திருத்தினார். படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லையாம்.

அடுத்து வந்த பௌர்ணமி. திதி மறுநாள் காலை பத்து மணி வரைக்கும் இருந்ததால் விடிந்தபிறகும் ஜனம் நடந்துகொண்டே இருந்தது. கிரிவலப் பாதையைச் சுத்தம் செய்யும் வேலை எங்கள் குழுவுக்கு. அதற்கு முதல்நாளே அந்தப் பக்கத்துப் பொதுக் கழிப்பறையின் வெளிச்சுவரில் சுகாதார விழிப்புணர்வு ஓவியம் வரைந்திருந்தோம். கை கழுவுகிற ஒரு பெண், சிரிக்கிற ஒரு குழாய். பெயின்ட் காயும்வரை யாரும் சாய்ந்துவிடக் கூடாது என்று தினகரன் அண்ணன் கழிப்பறையைப் பூட்டச் சொல்லி, சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். வருஷத்திலேயே கூட்டம் ஜாஸ்தி வருகிற நாட்களில் ஒன்று. கழிப்பறை பூட்டு. சுவரில் குழாய் சிரித்துக்கொண்டிருந்தது.

காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். பச்சைச் சாக்கு மக்கும் குப்பைக்கு, நீலச் சாக்கு மக்காத குப்பைக்கு. தரம் பிரிப்பதில் எங்களுக்கு ஒரு வாரம் பயிற்சி நடந்திருந்தது. காகிதம், தொன்னை, வாழை இலை பச்சையில். பிளாஸ்டிக், ரப்பர் நீலத்தில். அதில் நான் புலி. அன்னதானத் தொன்னையில் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் ஸ்பூனைக்கூட உருவி நீலத்தில் போட்டேன்.

அடி அண்ணாமலைப் பக்கம் வந்தபோது பூட்டியிருந்த ஒரு மளிகைக் கடை வாசலில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் வரிசையாகச் செருப்பு. பக்கத்தில் யாரும் இல்லை. எதிரே பூக்கடைக்காரர் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"செம கன்டென்ட்டுடா இது" என்றார் தினகரன் அண்ணன். "விட்டுட்டுப் போன செருப்பு எவ்ளோ கெடக்குது பாரு. தம்பிங்களா, அள்ளுங்க."

இர்ஃபான் ஒரு செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தான். "அண்ணா, இது புதுசுண்ணா. ஜோடி ஜோடியா வேற இருக்குது. குப்ப எங்கண்ணா ஜோடியா கெடக்கும்?"

"டேய், நீ சர்வீஸ் பண்ண வந்தியா, சி.ஐ.டி. வேலைக்கு வந்தியா?"

வாருக்குள் செருகியிருந்த தாளை நான் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டேன் என்பதை இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை. "அண்ணா, செருப்பு பாத்துக்கற அக்கா ஒருத்தவங்க இருக்காங்க. அவங்களோடதா இருக்கும்" என்றேன்.

"அவங்களோடதுன்னா அவங்க இங்க உக்காந்திருப்பாங்கல்ல? எட்டு மணிக்கு குப்ப டிராக்டர் போயிடும். இன்னிக்கு மட்டும் நாலு மணி நேரம் போட்டுத் தரேன், சீக்கிரம்."

நாலு மணி நேரம். அவ்வளவுதான் என் விலை. கலைச்செல்வி, "கொஞ்ச நேரம் நின்னு பாக்கலாமே?" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குனிந்துவிட்டேன்.

எங்கள் பயிற்சியின் மகிமை இங்கேதான் இருக்கிறது. வெறும் முரடர்கள் என்றால் அப்படியே வாரிப் போட்டிருப்பார்கள். நாங்கள் கற்றவர்கள். ஒவ்வொரு செருப்பிலிருந்தும் காகிதத்தை உருவி பச்சைச் சாக்கில் போட்டோம், அது மக்கும். செருப்பை நீலச் சாக்கில் போட்டோம், அது மக்காது. கடைசியில் தார்ப்பாயையும் மடித்து நீலத்தில் திணித்தோம். எழுபது ஜோடிக்கு மேல். முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ. டிராக்டர் வந்தது, ஏற்றினோம், போயிற்று.

சாந்தியக்கா அதற்குப் பத்து நிமிஷம் கழித்து வந்தார். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர், பக்கத்துக் கழிப்பறை பூட்டியிருந்ததால் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொன்றுக்குப் போய், வரிசையில் நின்று வந்திருக்கிறார். பூக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். தரையைப் பார்த்தார். தார்ப்பாய் இருந்த இடத்தில் மட்டும் தூசு இல்லாமல் சதுரமாக இருந்தது. நாங்கள் அதையும் பெருக்கியிருந்தோம்.

"எங்கப்பா?" என்றார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "எழுத வந்த தம்பி இல்ல நீ? எங்கப்பா எல்லாம்?"

அதற்குள் கையில் பாதிக் காலண்டர் தாளோடு நாலைந்து பேர் வந்து நின்றார்கள். பிறகு பத்துப் பேர். மதுராந்தகத்திலிருந்து வந்திருந்த ஒருவர், "என்னம்மா, செருப்பக் குடுத்தா குடுக்கணும். இல்ல ஏம்மா வாங்கி வைக்கிற?" என்று குரலை உயர்த்தினார். சாந்தியக்கா கடையின் பூட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "சார், மெதுவா பேசுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும். கட வாசல்ல சத்தம் வேணாம்" என்று கெஞ்சினார்.

வழிகாட்டி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். எங்கள் மூன்று பேரையும் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இந்தப் பசங்கதான் சார் எடுத்தாங்க. ஃபர்ஸ்ட் இயர், ஒண்ணும் தெரியாது" என்றார். பிறகு அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார், இதோ வரேன் சார்" என்றபடியே பைக்கில் ஏறிவிட்டார். பின்னால் பிரவீன் அண்ணன். பேனரையும் மறக்காமல் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

நானும் இர்ஃபானும் ஒரு ஆட்டோவைப் பிடித்து டிராக்டரைத் துரத்தினோம். டிரைவர் வழியில் இட்லி சாப்பிட நிறுத்தியிருந்தார், அதனால் கிடைத்தது. நீலச் சாக்குகளை இழுத்து இறக்கினோம். பச்சைச் சாக்கைத் திறந்தால் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சேர்ந்து கூழாகிக் கிடந்தது. உள்ளே கை விட்டுத் துழாவினேன். ஒரு தாள்கூட முழுப் பாதியாக வரவில்லை. ராகு காலம் ஒரு துண்டு, எமகண்டம் ஒரு துண்டு.

திரும்பி வந்து வாசலில் கொட்டினோம். சாந்தியக்கா தரையில் உட்கார்ந்து ஜோடி சேர்க்க ஆரம்பித்தார். நிமிர்ந்து ஆளைப் பார்ப்பார், குனிந்து ஒன்றை எடுப்பார். "உங்களுது கறுப்பு, குதிகால் தேஞ்சது." "அம்மா, நீங்க மஞ்ச வாரு, பாப்பாவோடது பூப்போட்டது." தாளே இல்லாமல் இருபது பேருக்கு மேல் சரியாகக் கொடுத்துவிட்டார். நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் எல்லாவற்றையும் கொடுத்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

விடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஒருவர் குனிந்து தானே எடுத்தார். அவரைப் பார்த்து எல்லோரும் குனிந்தார்கள். பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் ஈசனைச் சுற்றிவிட்டு வந்த பக்தர்கள், போட்டுவந்த பழசை விட்டுவிட்டு நல்லதாகப் பார்த்துக் காலை நுழைத்துக்கொண்டார்கள். சிலர் கையிலும் ஒரு ஜோடி கொண்டுபோனார்கள். பிறகு வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. கத்தினார்கள். கலைச்செல்வி தன் செருப்பைக் கழற்றி ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் கொடுத்தாள். நானும் இர்ஃபானும் கழற்றினோம். அப்படியும் ஆறு பேர் மிச்சம். சாந்தியக்கா இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, ராத்திரி முழுக்க வந்ததை அந்த ஆறு பேருக்கும் கொடுத்து அனுப்பினார்.

கடைசி ஆள் கத்திக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் சாவியோடு வந்து நின்றார்.

"சாந்தி, ஒரே ஒரு வார்த்ததான் சொல்லி வச்சேன் ஒனக்கு."

"ஆமா மொதலாளி."

"அவ்ளோதான்."

கலைச்செல்வி முன்னால் போய், "அண்ணா, தப்பு எங்களுதுண்ணா. அவங்க மேல ஒண்ணுமில்ல" என்றாள். அவர் எங்கள் பனியனில் இருந்த எழுத்தை மேலிருந்து கீழே படித்தார். "சேவையா? பண்ணுங்க, பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஷட்டரைத் தூக்கினார். சாந்தியக்கா எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தார்ப்பாயை மட்டும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கால்ல ஒண்ணுமில்லாம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்பிடிப் போவீங்க?" என்று கேட்டார்.

அந்த வருஷம் சிறந்த வழிகாட்டி விருது தினகரன் அண்ணனுக்குத்தான். அன்று எடுத்த செருப்புப் போட்டோவைப் பெரிதாக்கிக் கல்லூரி நடைக்கூடத்தில் மாட்டினார்கள். எனக்கும் சொன்னபடி நாலு மணி நேரம் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலையில் இருக்கிறேன். நேர்காணலில் அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஒருவர், "சமூக அக்கறை இருக்கு" என்று தலையாட்டினார். இதைவிட என்னை நானே எப்படி ஏளனம் செய்துவிட முடியும்?

அடுத்த பௌர்ணமிக்கு மூன்று பேரும் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனோம். மளிகைக் கடை வாசலில் வேறு ஒருவர், பிளாஸ்டிக் டோக்கனோடு. அந்த ஒற்றை அறையில் வேறு குடும்பம். "வாடக குடுக்க முடியலன்னு காலி பண்ணிட்டாங்க. பெங்களூர்ல கட்டட வேலன்னு சொன்னாங்க. பொண்ணையும் இஸ்துகினு போயிட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா. பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று கலைச்செல்வி கேட்டாள். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பெங்களூரில் எங்கே என்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு கலைச்செல்வியும் இர்ஃபானும் குழுப் பக்கமே வரவில்லை. நான் நூற்றிருபது மணி நேரத்தை முடித்தேன்.

இப்போது அந்த மளிகைக் கடையும் இல்லை. இடித்துவிட்டுச் செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். பாதை ஓரத்தில் இலவசக் காலணிப் பாதுகாப்பு நிலையங்கள், இரும்பு அடுக்கு, நம்பர் வில்லை. தாளைக் குறுக்கே கிழித்துப் பாதியைக் கையில் கொடுக்கிற ஒருவரும் அந்தப் பாதை முழுக்க இல்லை. நான் ஒரு சுற்று நடந்தே பார்த்துவிட்டேன். போன ஞாயிறு மாடியில், புதிதாகச் சேர்ந்திருக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நாம் ஒவ்வொருவரும் வழிகாட்டியாக வேண்டும் என்று தினகரன் அண்ணன் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போடாமல் இறங்கி வந்து, பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் கணக்குப் போட்டேன். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் எங்கள் சேவையால் அந்த வாசலில் இல்லாமல் போன பௌர்ணமிகள், இன்றைய தேதி வரைக்கும், தொண்ணூற்றொன்பது.